படத்துக்குப் பேர் எழுதுங்க



பொங்கலுக்கு ஊருக்கு வந்துட்டுப் போனீங்க. மாட்டுக் கொம்புக்குச் சாயம் அடிச்சது, பட்டிப் பொங்கல் வெச்சது, பாட்டி அடுப்பு ஊதினது, கிணத்து மேட்டுல பேரப்பசங்க ஆட்டம் போட்டது, எல்லாத்தையும் போன்ல பிடிச்சீங்க. ஒரு வீட்டுக்கு நாலு பேர் வந்தா ஆளுக்கு முன்னூறு படம். அதெல்லாம் இப்ப எங்க இருக்குன்னு கேட்டா, "போன்லதான் இருக்குதுங்க மாமா"ங்கறீங்க. சரி, பாட்டி படத்தைக் காட்டு சாமின்னா, கட்டைவிரல் தேயற வரைக்கும் தள்ளிக்கிட்டே போறீங்க. நடுவுல ஆபீஸ் போர்டு, பெட்ரோல் பில்லு, சாப்பாட்டுத் தட்டு, குட்மார்னிங் ரோஜாப்பூ. பாட்டி வரவே மாட்டேங்குது.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். படம் எடுக்கறது இப்ப பெரிய காரியமே இல்லை. அதுல இருக்கறது யாரு, எந்த இடம், எந்த வருசம்னு எழுதி வெக்கறதுதான் காரியம். அதையும் படத்துக்குள்ளயே எழுதணும், நம்ம கையில ஒரு பிரதி இருக்கணும். பண்ணையம் பார்க்கறவனுக்கு எதுக்கு இந்த வேலைன்னு தோணும். எனக்கு இது பொழுதுபோக்கு இல்லைங்க. ஏன்னு சொல்றேன்.

எங்க வீட்டுல ஒரு தகரப் பெட்டி நெறைய பழைய போட்டோ இருக்கு. எங்க அப்பா அஞ்சாவதோட நின்னவர். ஆனா ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலயும் நாக்குல தொட்டு எழுதற ஊதாப் பென்சில்ல எழுதியிருப்பார். "புதன்சந்தையில் பிடித்த ஜோடி, 1971 தை, மயிலை, விலை 900." படத்துல பார்த்தா ரெண்டு மாடும் ஒரு ஆளும். பின்னால திருப்பினா மாட்டோட விலை, வாங்கின சந்தை, வருசம், அந்தக் கயித்தைப் பிடிச்சு நிக்கற பண்ணையத்து ஆளோட பேரு. அந்த ஆள் வேற எந்தப் படத்துலயும் இல்லை. வேற எந்தக் காகிதத்துலயும் அவர் பேர் இருக்கும்னு நான் நினைக்கலை. எங்க பெரியம்மா வீட்டுலயும் இதே மாதிரி ஒரு பெட்டி. அதுல நாற்பது அம்பது முகம். பெரியம்மா இருந்த வரைக்கும் எல்லாருக்கும் பேர் இருந்தது.

புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சு நிறுவனம், பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பிடிச்சு டிஜிட்டல் பண்ணியிருக்காங்க. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல அழியற ஆவணங்களுக்குன்னு ஒரு திட்டம் இருக்கு, அவங்க அதுக்கு உதவி. நல்ல காரியம். ஆனா யோசிச்சுப் பாருங்க. பேர் தெரிஞ்ச குடும்பம் படத்தை வாங்கிட்டுப் போயிடும். நெகட்டிவ் மட்டும் ஸ்டுடியோவுல தங்கும். ஸ்டுடியோ மூடினா நெகட்டிவ் எடைக்குப் போகும், அதுல இருக்கற வெள்ளிக்காக வாங்கறதுக்கு ஆள் இருந்தாங்க. தப்பிச்ச நெகட்டிவை எவ்வளவு நல்ல மெஷின்ல ஸ்கேன் பண்ணினாலும், பட்டுச்சேலை கட்டி நாற்காலியில உட்கார்ந்திருக்கற அந்தப் பொண்ணு யாருன்னு ஸ்கேனர் சொல்லாது.

இப்ப கணினிக் கதைக்கு வர்றேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். பையன் படிப்புக்கு வாங்கின கணினியில தமிழ்ல தட்டப் பழகி வலைப்பூ எழுத வந்தேன். அந்தக் காலத்துல வலைப்பூ எழுதினவங்க எல்லாருக்கும் பிகாசாவைத் தெரியும். 2004ல கூகுள் வாங்கி இலவசமா விட்ட மென்பொருள். கணினியில எந்த மூலையில படம் கிடந்தாலும் தானே தேடி எடுத்து வருச வாரியா அடுக்கி வெக்கும். கோணலா இருந்தா நிமித்தலாம், இருட்டா இருந்தா வெளிச்சம் ஏத்தலாம். அதுல எனக்குப் பிடிச்சதே, திருத்தினாலும் அசலைத் தொடாது. என்ன திருத்தம் செஞ்சோம்ங்கற குறிப்பை மட்டும் தனியா எழுதி வெச்சுக்கும். 'சேமி' கொடுத்தாத்தான் படம் மாறும். அப்பவும் அசலை ஒரு மறைவான போல்டர்ல போட்டு வெச்சிருக்கும். விதைக்கு எடுத்து வெச்ச கடலையில கை வெக்காத குடும்பம் மாதிரி, ஒழுக்கமான மென்பொருள்.

2009ல முகம் கண்டுபிடிக்கற வசதி வந்தது. ஒரு முகத்துக்குப் பேர் கொடுத்தா, அதே முகம் இருக்கற மத்த படங்களையும் கொண்டாந்து "இவரா?"ன்னு கேட்கும். ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பேர் எழுதினவங்க எத்தனையோ பேர். வலைப்பூவுல போட்ட படமும் பிகாசா வெப் ஆல்பத்துலதான் போய் உட்காரும். 2016 பிப்ரவரியில கூகுள் அறிவிச்சாங்க, பிகாசாவை நிறுத்தறோம்னு. மார்ச் 15க்குப் பிறகு கணினி மென்பொருளுக்கு ஆதரவு கிடையாது. மே மாசத்துல இருந்து வெப் ஆல்பமும் பழைய மாதிரி இல்லை.

படம் போகலைங்க. படமெல்லாம் கூகுள் போட்டோஸுக்கு மாறுச்சு, கணினியில இருந்தது கணினியிலயே இருந்தது. போனது என்னன்னா, பேர். இதை நல்லாப் புரிஞ்சுக்கணும். படத்துக்குக் கீழே தட்டின குறிப்பை பிகாசா ஜேபெக் கோப்புக்குள்ளயே எழுதி வெச்சிருச்சு. அது இன்னைக்கும் எந்த மென்பொருள்ல திறந்தாலும் வரும். ஆனா முகத்துக்குக் கொடுத்த பேரை முதல்ல தன்னோட சொந்தக் கோப்புல மட்டும்தான் வெச்சிருந்தது. படத்துக்குள்ள எழுதற வசதி பின்னாலதான் வந்தது, அதையும் நாமளாப் போய்ச் சொல்லணும். சொல்லாதவங்களுக்கு, வேற கணினிக்கு மாறினதும் முகம் இருந்தது, பேர் இல்லை. மறுபடியும் எங்க பெரியம்மா பெட்டிதான்.

ஒரு ஜேபெக் படத்துக்குள்ள படம் மட்டும் இல்லை, எழுத்துக்கும் இடம் இருக்கு. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தது, என்ன கேமரான்னு கேமராவே எழுதறது ஒண்ணு, அதுக்கு எக்ஸிஃப்னு பேரு. நாம குறிப்பு, பேர், ஊர் எழுதறதுக்கு தனியா இடம் இருக்கு. தமிழ்லயே எழுதலாம். அப்பா பின்னால திருப்பி எழுதினாரே, அதே முதுகுதான். இதைத் தெரிஞ்சுக்காம, எந்தச் செயலி நல்லது எந்தச் செயலி கெட்டதுன்னு பேசறதுல பிரயோசனம் இல்லை.

கூகுள் போட்டோஸ் 2015 மே மாசம் வந்தது. எவ்வளவு படம் வேணும்னாலும் ஏத்திக்கங்க, கொஞ்சம் சுருக்கி வெச்சுக்கறோம், காசு வேண்டாம்னாங்க. 2021 ஜூன் 1ல இருந்து அது முடிஞ்சது. இப்ப ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி, அதுக்கு மேல காசு. பிளிக்கர்ல 2018 நவம்பர்ல, இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான்னு சொன்னாங்க. குத்தமா சொல்லலை. அவங்க கடை, அவங்க கணக்கு. ஆனா கூகுள் போட்டோஸ்ல நீங்க உட்கார்ந்து எழுதற விவரம் படத்துக்குள்ள போறதில்லை. என் படத்தைக் கொடு, நான் கிளம்பறேன்னு டேக்அவுட் வழியா வாங்கினா, படம் ஒரு கோப்பு, நீங்க எழுதினது பக்கத்துலயே ஜேசன்னு இன்னொரு கோப்பு. சட்டியும் சோறும் தனித்தனியா வரும். ரெண்டையும் சேர்க்கறதுக்கு இன்னொரு மென்பொருள் தேடணும். குத்தகைக் காட்டுல யாரும் சொந்தக் காசுல கிணறு வெட்ட மாட்டாங்க. படத்துக்கு மட்டும் வெட்டறோம்.

நான் வெச்சிருக்கறது டிஜிகாம்ங்கற மென்பொருள். 2001ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, மூலநிரல் திறந்து கிடக்கு. விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும். பார்க்க அழகு கம்மி, பட்டன் ஜாஸ்தி, முதல் வாரம் எரிச்சலா இருக்கும். ஆனா அமைப்புல போய், நான் எழுதறதைப் படத்துக்குள்ளயே எழுதுன்னு ஒருக்கா சொல்லிட்டா எழுதிடும். நாளைக்கு டிஜிகாமே இல்லாமப் போனாலும் எழுத்து படத்தோடவே இருக்கும். முகம் தேடறதையும் நம்ம கணினியிலயே செய்யுது. ஊர்ப் பொண்டு பிள்ளைங்க முகத்தை வெளியில எங்கயும் அனுப்ப வேண்டியதில்லை.

முகம் தேடறதைப் பத்தி ஒண்ணு. எங்க முனியப்பன் சாமி சிலையைக் காட்டி "இவர் யார்?"னு கேட்குது. முறுக்கு மீசையும் முழிச்ச கண்ணும் இருந்தா அதுக்கு ஆள்தான். முனியப்பன்னே பேர் கொடுத்துட்டேன். இப்ப எங்க பெரியப்பாவோட பழைய போலீஸ் மீசைப் படத்தைக் காட்டி "முனியப்பனா?"ங்குது. பெரியப்பா கேட்டா சந்தோசப்பட்டிருப்பார்.

என் அடுக்கு ரொம்ப எளிசு. வருசம், மாசம்னு போல்டர். அப்புறம் குறிச்சொல். குறிச்சொல்லுக்கு நான் காட்டுப் பேரைத்தான் வெச்சிருக்கேன். மேக்காடு, கிணத்தடி, கொட்டமுத்துக் காடு, வேலமரத்து வயல். பட்டாவுல சர்வே நம்பர்தான் இருக்கும், இந்தப் பேரெல்லாம் எங்கயும் இல்லை. கொட்டமுத்துக் காட்டுல கொட்டமுத்து போட்டு முப்பது வருசம் ஆச்சு. பேரு மட்டும் நிக்குது. என் பையனுக்கு அந்தப் பேரே படத்துல பார்த்துத்தான் தெரியும்.

இந்த அடுக்கு எனக்குச் சோறு போட்ட கதையைச் சொல்லணும். எங்க பக்கம் மரவள்ளிதான் பெரிய வெள்ளாமை. ராசிபுரம், ஆத்தூர், நாமக்கல் சுத்து வட்டாரத்துல சேகோ ஆலைக்குக் கிழங்கு போகுது. 2020ல கேரளா திருச்சூர் பக்கம் முதல்ல பார்த்தாங்க, புது மாவுப்பூச்சி, மரவள்ளிக்குன்னே பிறந்தது. தென் அமெரிக்காவுல இருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய் 1970கள்லயே அங்க காட்டையெல்லாம் அழிச்ச பூச்சி. அது நம்ம சேலம் நாமக்கல்லுக்கும் வந்துடுச்சு. நுனிக் குருத்து சுருங்கி, இலையெல்லாம் ஒண்ணாச் சேர்ந்து முட்டைக்கோசு மாதிரி ஆயிடும். செடி மேல ஏறாது, கிழங்கு பருக்காது.

நான் ஞாயித்துக்கிழமை தோறும் காட்டுல ஒரே இடத்துல நின்னு படம் எடுக்கறது வழக்கம். எல்லைக் கல்லு ஓரம், கிழக்க பார்த்து. வேற காரணம் ஒண்ணும் இல்லை, செடி வளர்றதைப் பார்க்கற ஆசை. பூச்சி வந்தப்ப அந்தப் படத்தை வரிசையா ஓட்டிப் பார்த்தேன். எந்த வாரம், எந்த மூலையில முதல் குருத்து சுருங்குச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. விதைக்குச்சி வெளியூர்ல வாங்கி நட்ட வரிசை அது. குச்சியோட வந்திருக்கும்னு அப்பத்தான் எனக்குப் பிடிபட்டது. அடுத்த வருசம் குச்சி நம்ம காட்டுல இருந்தே எடுத்தேன், அதுவும் சுத்தமா இருந்த பக்கத்துல.

அப்புறம் பெங்களூர்ல இருக்கிற மத்திய அரசோட வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம், ஆப்பிரிக்கா பெனின் நாட்டுல இருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவிச்சாங்க. 2022 மார்ச் 7ல ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்துல முதல் முதலா விட்டாங்க. எள்ளை விடச் சின்னக் குளவி. மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்னுட்டு வெளிய வரும். சிக்கல் என்னன்னா, மருந்து அடிச்சா குளவி முதல்ல சாகும். பக்கத்துக் காட்டு மச்சான் கேட்கலை. "கண்ணுக்கே தெரியாத குளவியை நம்பி நான் வெள்ளாமையை விடவா?"ன்னார். நியாயமான கேள்விதான். மருந்து கடன்ல எடுத்து வெச்சுட்டார்.

நான் வாயால பேசலை. கணினியைத் தூக்கிட்டுப் போய் திண்ணையில வெச்சு, மேக்காடு, ஆடி மாசம்னு தேடி, 2021, 2022, 2023ன்னு மூணு வருசப் படத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சேன். அதே கல்லு, அதே திசை, அதே மாசம். முதல் வருசம் முழங்கால் உசரத்துல சுருண்டு கிடக்கு. மூணாவது வருசம் ஆள் உசரம். ரொம்ப நேரம் பார்த்தார். "மழையும் நல்லாப் பேஞ்சுது மாப்ள அந்த வருசம்"ன்னார். அதுவும் நிசம்தான், பலத்த மழை மாவுப்பூச்சியைக் கழுவிடும். படம் எல்லாத்தையும் நிரூபிக்காது. ஆனா அந்தப் போகம் மருந்து டப்பா திறக்கலை. தேதி இல்லாத படமா இருந்திருந்தா அந்தப் பேச்சே ஆரம்பிச்சிருக்காது.

தேதி போறதுக்கு முக்கியமான வழி வாட்ஸப். அதுல படமா அனுப்பினா சுருக்கிடும், உள்ளே இருக்கற தேதி, இடம் எல்லாத்தையும் உரிச்சு எடுத்துடும். கோப்புப் பேர்ல ஒரு தேதி இருக்கும், ஐஎம்ஜி போட்டு நடுவுல வருசம் மாசம் நாள், கடைசியில டபிள்யூஏ. அது உங்களுக்கு வந்து சேர்ந்த நாள், படம் எடுத்த நாள் இல்லை. மேட்டூர் அணையில தண்ணி இறங்கினா பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய சர்ச் கோபுரமும் தெரியும். 1934ல அணை கட்டி முடிச்சப்ப முழுகின ஊர்களோட மிச்சம். அந்தப் படம் வருசா வருசம் "இன்று காலை மேட்டூர்"னு வருது. அணை நிரம்பி வழியற வருசத்துலயும் வருது. அதைப் பார்த்துட்டு நாத்து விடலாமா வேண்டாமான்னு ஆத்துப் பாசனக்காரர் போன் போட்டுக் கேட்கறார். முழுப் படமா அனுப்பணும்னா 'டாக்குமெண்ட்'னு தேர்ந்தெடுத்து அனுப்புங்க, தேதியும் எழுத்தும் அப்படியே போகும். எடுத்த இடமும் அதோட போகும், அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஆட்டுப்பட்டி எங்க இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லணுமா?

திருத்தறதைப் பத்தியும் எனக்கு ஒரு கருத்து இருக்கு, கொஞ்சம் சூடாவே இருக்கும். கோணலை நிமித்துங்க, வெளிச்சம் ஏத்துங்க, வேண்டாத ஓரத்தை வெட்டுங்க. அதுல தப்பில்லை. ஆனா போன் தானாவே பச்சையை ஏத்துது, முகத்தை வெளுக்குது. மரவள்ளி இலையில தேமலா, சத்துக் குறைவான்னு மஞ்சள் நிறத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். "மாமா இது என்ன நோவு?"ன்னு கேட்டு, பச்சை ஏத்தின படத்தை அனுப்பினா நான் என்ன சொல்றது?

அழிக்கற கருவி இன்னொண்ணு. கூகுள் போட்டோஸ்ல 2024 மே மாசத்துல இருந்து எல்லாருக்கும் கொடுத்துட்டாங்க. விரல்ல தேய்ச்சா ஆளு, கம்பம், ஒயர் எல்லாம் மறைஞ்சுடும். போன வருசம் வந்துட்டுப் போன ஒரு தம்பி எங்க காட்டுப் படத்தை அனுப்பினார். சாயங்கால வெளிச்சம், தென்னை, பின்னால மலை. அருமையா இருந்தது. ஆனா பக்கத்துக் காட்டுல நிக்கற உயர்மின் கோபுரம் இல்லை. அழகுக்காக அழிச்சுட்டார். 2018 டிசம்பர்ல கொங்கு மாவட்டம் பூரா விவசாயிங்க குளிர்ல உட்கார்ந்து போராடினது அந்தக் கோபுரங்களுக்காகத்தான். கம்பி போற பாதையில தென்னை வெக்கக்கூடாது, ஆழ்குழாய் போட வண்டி நிறுத்தறதுக்கும் பயம், நிலத்தை விக்கறதும் கஷ்டம். எத்தனை மரம் வெட்டினாங்கங்கற கணக்குல தகராறு வந்தப்ப, பக்கத்து ஊர்ல ஒருத்தர் பேத்தியோட பிறந்தநாள் படங்களைத்தான் எடுத்துக்கிட்டுப் போனார். பின்னால வரிசையா மரம் நிக்குது, தேதியோட. அந்தத் தம்பி நல்ல பையன்தான். ஆனா இன்னும் முப்பது வருசம் கழிச்சு அவர் படத்தைப் பார்க்கறவன், எங்க ஊருக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு நினைப்பான். திருத்தினா திருத்தின பிரதியைத் தனியா வெச்சுக்கங்க, அசலை விட்டுடுங்க. பகிரும்போது அழிச்சதைச் சொல்லிடுங்க.

பகிர்றதுல இன்னொரு சங்கதி, யாரோட படம்ங்கறது. களை எடுக்கற பொம்பளைங்களைத் தூரத்துல இருந்து பிடிச்சு, 'மண்ணின் மகள்'னு போட்டு ஆயிரம் லைக் வாங்கறாங்க. அந்த அக்காவுக்குத் தெரியவே தெரியாது. அவங்க வீட்டுப் பிள்ளை காலேஜ் படிக்குது, அதுக்குத்தான் முதல்ல போன்ல வருது. கேட்டுட்டு எடுங்க. பேர் கேட்டு எழுதிக்கங்க, கேட்டா சந்தோசமாச் சொல்வாங்க. பேரைப் போடலாமா வேண்டாமாங்கறதையும் அவங்ககிட்டயே கேளுங்க. வெளியில போடறதுக்கு ஒண்ணு, வீட்டுல வெச்சுக்கறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பிரதி வெச்சுக்கறதுக்கு மென்பொருள்ல நல்ல வசதி இருக்கு. வெளிய எடுக்கும்போது பேரையும் இடத்தையும் நீக்கிட்டு எடுன்னா எடுத்துடும்.

டிஜிகாம் எல்லாம் எங்களுக்கு நேரம் இல்லைங்க மாமான்னு சொல்வீங்க, தெரியும். அப்ப இது போதும். மாசக் கடைசியில ஒருக்கா போனைக் கேபிள்ல மாட்டி, படத்தை ஒரு ஹார்ட் டிஸ்க்குல இறக்குங்க. ரோஜாப்பூவையும் பெட்ரோல் பில்லையும் அழிங்க. முன்னூறுல முப்பது நிக்கும். அந்த முப்பதுக்கு மட்டும் யாரு, எங்கேன்னு ஒரு வரி. விண்டோஸ்லயே படத்தை வலது பக்கம் சொடுக்கி, பண்புகள்ல விவரம்னு போனா தலைப்பு எழுதற இடம் இருக்கு. அது ஜேபெக்குக்குள்ளயேதான் போகும். தெரியாத முகம் இருந்தா அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க. எங்க ஊர்ல எல்லாருடைய முகமும் தெரிஞ்ச கிழவிங்க மூணு பேர் இருந்தாங்க. இப்ப ஒருத்தர்தான். எண்பத்தி நாலு வயசு, ராத்திரிக் கண்ணு மங்கல். காலையில பத்து மணிக்கு மேல வெயில்ல உட்கார வெச்சு, கணினியில படத்தைப் பெருசாக் காட்டினா மடமடன்னு சொல்லிடும். போன மாசம் அறுபத்தி ரெண்டு முகத்துக்குப் பேர் வாங்கினேன். பெரியம்மா பெட்டியில இன்னும் பதினெட்டுப் பேர் பாக்கி.

அப்புறம், பாட்டிகிட்ட போன் இல்லைங்கறதை மறந்துடாதீங்க. நீங்க குரூப்புல போட்ட படத்தை அவங்க இன்னும் பார்க்கலை. நல்ல படமா அஞ்சாறு எடுத்து, போஸ்ட் கார்டு அளவுல பிரிண்ட் போட்டு, தபால்ல அனுப்புங்க. பின்பக்கம் பேரும் வருசமும் எழுதுங்க. பால்பாயிண்ட்ல அழுத்தி எழுதினா முன்பக்கம் தடம் விழும். மெதுவான பென்சில்ல லேசா எழுதினாப் போதும்.